சைக்கிள் கேள்வி – பதில்: தவறிய பயிற்சியை ஈடுகட்டலாமா?

கேள்வி: சைக்ளோகிராஸ் (மணல், சேறு, புல்தரை வழியே சுற்றிவந்து, ஓட்ட முடியாத இடத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடும்) பந்தயத்துக்காகப் பன்னிரண்டு வார அட்டவணைப்படி பயிற்சி செய்கிறேன். இரவு ஷிப்ட் வந்தால் இரண்டு நாள் பயிற்சி தவறிவிடுகிறது. அவற்றை ஞாயிற்றுக்கிழமையே சேர்த்துச் செய்யலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வேண்டாம், தவறியதை விட்டுவிடுங்கள். பயிற்சிக்குப் பிந்தைய உறக்கத்திலும் ஓய்விலும்தான் உடல் வலுப்பெறுகிறது என்பதால், இரவுப் பணியில் களைத்த உடலின் மீது இரண்டு கடும் பயிற்சிகளை ஒரே நாளில் சுமத்துவது அட்டவணையின் நோக்கத்தையே கெடுத்துவிடும்.

ஆனால், வாரம் ஒருமுறை தீவிரப் பயிற்சியை மட்டும் எப்பாடுபட்டாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள். அமெச்சூர் பந்தயம் பெரும்பாலும் 40 முதல் 60 நிமிடங்களில் முடிந்துவிடும் என்றாலும், ஒவ்வொரு வளைவைக் கடந்ததும் மீண்டும் வேகமெடுக்க வேண்டியிருப்பதால், 30 விநாடி முழு வேகம், 30 விநாடி மெதுவான மிதிப்பு என மாறி மாறிச் செய்வது நெடுந்தூரச் சவாரியைவிட உங்களுக்கு அதிகம் கைகொடுக்கும். கன்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் விரைவுச் சாலையில் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். விடியற்காலையில் ஒரு மைதானம் போதும்.

உங்கள் பக்கத்துக் கடற்கரை மணல் பெரும் வாய்ப்பு. எடையைப் பின்சக்கரத்தின் மேல் வைத்து, ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடித்து, சீராக மிதியுங்கள். சக்கரம் புதையத் தொடங்கியதுமே இறங்கி, வண்டியைத் தோளில் ஏற்றி ஓடிப் பழகுங்கள். வீடு திரும்பியதும் செயினை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் இடுங்கள். உப்புக் காற்று ஓரிரு நாளிலேயே துருவேற்றிவிடும்.