அப்பாவுக்குக் கத்தோலிக்க முறைப்படி அடக்கம் செய்ய முன்கூட்டியே என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

‘முன்கூட்டியே’ என்று கேட்பதால், அப்பா படுக்கையில் இருக்கிறார், நினைவு தப்பவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் இன்றே உங்கள் கோயில் சாமியாரான பங்குத்தந்தையை அழைத்து, நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கச் சொல்லுங்கள். சாமியாரைப் பார்த்தால் நோயாளி பயந்துவிடுவார் என்று தள்ளிப்போடாதீர்கள். சாகப்போகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல அது. எரிப்பதா புதைப்பதா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். 1963 முதல் எரிக்கவும் அனுமதி உண்டு. ஆனால் சாம்பலைக் கடலில் கரைக்கக் கூடாது.

சாமியாரைக் கேட்காமல் அடக்க நேரத்தை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். எங்கள் அப்பா பெரிய வியாழன் இரவு இறந்தார். விடிவதற்குள் சித்தப்பா, ‘வெள்ளி மாலை நான்கு மணிக்கு அடக்கத் திருப்பலி’ என்று சுவரொட்டிக்குக் கொடுத்து, பேண்டு வாத்தியத்துக்கு முன்பணமும் கொடுத்துவிட்டார். இயேசு இறந்த நாளான பெரிய வெள்ளியன்று திருப்பலியே, அதாவது பூசையே கிடையாது. அடக்கம் செய்யலாம்; பாட்டு, வாத்தியம், துக்க மணி எதுவும் இருக்கக் கூடாது. “ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்தவரை அனாதையைப் போலவா அனுப்புவது?” என்று சித்தப்பா சாமியாரிடமே சத்தம் போட்டார்.

காலையிலேயே வாசகம், மன்றாட்டு, தீர்த்தம் தெளித்துக் கல்லறை மந்திரிப்பு என்று முடிந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டே நடந்தோம். பேண்டு சத்தம் அப்பாவுக்கு ஆகவே ஆகாது என்பது வீட்டில் இருந்த எங்களுக்குத்தான் தெரியும். அவருக்கான திருப்பலியை உயிர்ப்பு ஞாயிறு கடந்தபின் ஒப்புக்கொடுத்தோம். சட்டம் பேசி மனிதரை மறக்கிறார்கள் என்று பின்னூட்டத்தில் யாராவது வரக்கூடும். நான் சாமியாருக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்த நாளில் ஆயர் வீட்டுச் சாவுக்கும் இதே விதிதான்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில். உடல் வீட்டில் கிடக்கும்போதே கோயில் நிர்வாகத்தில் சாமியாருக்கு உதவும் பங்குப் பேரவையின் ஆள் ஒருவர் வந்து கோயில் வரி பாக்கி உண்டா என்று அம்மாவிடம் கேட்டார். சாமியாருக்கு இது தெரியாது. அப்பா எல்லா ரசீதுகளையும் பைபிளுக்குள் வைத்திருந்தார். அம்மா அழுதுகொண்டே எடுத்து நீட்ட, அந்த மனிதர் ஒவ்வொன்றாகப் புரட்டி ஆண்டுக் கணக்குப் பார்த்தார். மருந்து வாங்க வழியில்லாமல் அப்பா கிடந்தபோது இந்தப் பேரவையில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் பங்கிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். ரசீதுகளையும் கோயிலில் கொடுத்த குடும்ப அட்டையையும் இப்போதே தேடி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்தால் அம்மாவிடம் விடாதீர்கள், நீங்களே பேசுங்கள்.