அட்டிக்கில் ரக்கூன்: கூண்டு வாங்குவதற்கு முன் கலிபோர்னியச் சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி: கலிபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் சொந்த வீடு. இரண்டு வாரமாக ராத்திரி பத்து மணிக்கு மேல் கூரைக்கு அடியில் உள்ள அட்டிக்கில் ஆள் நடக்கிற மாதிரி சத்தம் கேட்கிறது. கேமரா வைத்துப் பார்த்ததில், கூரை ஓரத்தில் பலகை பெயர்ந்த இடம் வழியாக ஒரு ரக்கூன் (கண்ணைச் சுற்றி முகமூடி போல் கறுப்புப் பட்டை உள்ள, பூனையைவிடப் பெரிய காட்டு விலங்கு) போய்வருகிறது. பகலில் பூனைக்குட்டி முனகுவது போலவும் கேட்கிறது. டெக்சாஸில் இருக்கும் என் மச்சான், "கடையில் கூண்டு வாங்கி வை. மாட்டினதும் பத்து மைல் தள்ளி மலைப்பக்கம் விட்டுட்டு வா. லைசென்ஸெல்லாம் வேண்டாம்" என்கிறார். செய்யலாமா? வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.

பதில்: மச்சான் சொன்னதில் பாதி சரி. உங்கள் வீட்டைச் சேதப்படுத்தும் ரக்கூனை நீங்களே பிடிக்க கலிபோர்னியாவில் லைசென்ஸ் தேவையில்லை, சீசனும் கிடையாது. ஆனால் பிடித்ததைக் காரில் ஏற்றி மலையில் விடுவது சட்டவிரோதம். கூண்டு விற்கிற கடையில் இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

அமெரிக்காவில் விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பதற்கான விதிகளை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக வைத்திருக்கிறது. ரோமத்துக்காக வேட்டையாடப்பட்ட விலங்குகளுக்கு 'ஃபர் விலங்கு' என்று தனிப் பட்டியலே உண்டு. கலிபோர்னியப் பட்டியலில் ரக்கூன், பீவர், பேட்ஜர், மிங்க், மஸ்க்ரேட், ஆற்று நீர்நாய், மார்ட்டென், ஃபிஷர், மூன்று வகை நரிகள் ஆகியவை இருக்கின்றன. 1998இல் நான்காம் முன்மொழிவு என்ற மக்கள் வாக்கெடுப்பு, இரும்புத் தாடை கொண்ட கால்கவ்விப் பொறிகளையும், ரோம வியாபாரத்துக்காக உடலைப் பிடிக்கும் பொறிகள் வைப்பதையும் தடை செய்தது. 2019இல் நிறைவேறிய சட்டம், ரோமத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஃபர் விலங்குகளைப் பொறிவைத்துப் பிடிப்பதையே முழுதாக நிறுத்திவிட்டது. நாட்டில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். மிச்சமிருப்பது, சொத்தைச் சேதப்படுத்தும் விலங்கைப் பிடிக்கும் விதிவிலக்கு. உங்கள் விஷயம் அதற்குள்தான் வருகிறது.

அந்த விதிவிலக்குக்கும் நிபந்தனைகள் உண்டு. கம்பிவலைக் கூண்டு அனுமதிக்கப்பட்டது. அதை வைப்பதற்கு முன், மீன் மற்றும் வனவிலங்குத் துறையில் பதிவு செய்து பொறி எண் வாங்க வேண்டும். அந்த எண்ணைக் கூண்டின் மேலேயே பொறிக்க வேண்டும், அல்லது உலோகத் தகட்டில் அடித்துக் கூண்டில் மாட்ட வேண்டும். தினம் ஒரு முறையாவது கூண்டைப் பார்த்து, உள்ளே இருப்பதை வெளியேற்ற வேண்டும். குடியிருக்கும் எந்தக் கட்டடத்திலிருந்தும் 150 கெஜத்துக்குள், அதாவது சுமார் 137 மீட்டருக்குள், பொறி வைக்கக் கூடாது. அந்த இடத்தின் பொறுப்பாளரே வைத்தாலோ, உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதம் கையில் இருந்தாலோதான் வைக்கலாம். ஃப்ரீமான்ட் மாதிரி ஊரில் பக்கத்து வீட்டுச் சுவர் பத்தடியில் இருக்கும். அதனால் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

சிக்கல் விலங்கு மாட்டிய பிறகு ஆரம்பிக்கிறது. மாட்டியதை உடனே விட வேண்டும், அல்லது உடனே கொல்ல வேண்டும் என்கிறது விதி. மூன்றாவது வழி இல்லை. விடுவதென்றால் பிடித்த இடத்திலேயே. கொல்வதென்றால், உள்ளூர் விதி அனுமதிக்கும் இடத்தில் சுட்டுத்தான். நகரத்துக்குள் சுட முடியாது. தண்ணீரில் மூழ்கடிப்பதையும், கருணைக்கொலைக்கென்று விற்கப்படாத ரசாயனத்தை ஊசியில் ஏற்றுவதையும், மார்பை நசுக்கிக் கொல்வதையும் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது. ஆக, விடிகாலை கூண்டுக்குள் உறுமும் ஒன்பது கிலோ ரக்கூனோடு நிற்கும் நகரவாசிக்குச் சட்டப்படி மிஞ்சுவது கதவைத் திறந்துவிடுவது ஒன்றுதான். அது திரும்ப உங்கள் அட்டிக்குக்கே போகும்.

மலையில் விட்டால் அது பிழைத்துக்கொள்ளுமே, கொல்வதைவிட அது புண்ணியமில்லையா என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல மனதோடுதான் நினைக்கிறார்கள், ஆனால் விளைவு நேர்மாறு. முன்பின் தெரியாத இடத்தில் அதற்குத் தண்ணீரும் தெரியாது, பதுங்கிடமும் தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ரக்கூன்கள் அதை அண்ட விடாது. அதோடு நோயும் சேர்ந்து பயணிக்கும். கிழக்குக் கடற்கரை முழுவதும் இன்றைக்கு ரக்கூன் வெறிநோய் பரவியிருப்பதற்குக் காரணம் இதுதான்: தென்கிழக்கு மாநிலங்களில் மட்டும் இருந்த அந்த வகைக் கிருமி, வேட்டைக்காக வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்த ரக்கூன்களோடு வடக்கே வந்தது. 1977இல் மேற்கு வர்ஜீனியாவில் தலைகாட்டிய அது பிறகு அடங்கவே இல்லை.

உங்கள் வீட்டில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நீங்கள் கேட்ட அந்த முனகல் குட்டிகளுடையது. மார்ச்சிலிருந்து மே வரை ஈனும் காலம், ஒரு ஈற்றில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து குட்டிகள். தாயைப் பிடித்துக் கொண்டுபோனால் குட்டிகள் கூரைக்குள் பட்டினி கிடந்து சாகும், அந்த நாற்றம் வாரக்கணக்கில் போகாது. எனவே இப்போதைக்குக் கூண்டு வேண்டாம், தாயே குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகும்படி செய்யுங்கள்.

தாய் ரக்கூனுக்கு எப்போதும் வேறு இரண்டு மூன்று பதுங்கிடங்கள் உண்டு. அதற்கு வேண்டியது இருட்டும் அமைதியும். இரண்டையும் கெடுத்தால் போதும். அட்டிக்கில் ஒரு எல்இடி விளக்கை இரவும் பகலும் எரியவிடுங்கள். பேச்சு நிகழ்ச்சி ஓடும் ரேடியோ ஒன்றைக் குட்டிகள் இருக்கும் மூலைக்குப் பக்கத்தில் வையுங்கள். பாட்டைவிட மனிதக் குரல் நன்றாக வேலை செய்யும். தாய் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும், இரண்டு மூன்று ராத்திரி ஆகலாம். வீட்டில் யாராவது அந்துருண்டை போடச் சொல்லலாம். போடாதீர்கள். டப்பாவில் எழுதிய பயன்பாட்டைத் தவிர வேறு எதற்கும் அந்துருண்டையைப் பயன்படுத்துவது இங்கே மத்தியச் சட்டப்படி தவறு. தவிர, அதன் ஆவி கூரை இடுக்கு வழியாகக் குழந்தை இருக்கும் அறைக்குள் இறங்கும். எலி மருந்தும் வேண்டவே வேண்டாம்.

போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள செய்தித்தாள் போதும். நுழையும் ஓட்டையில் நான்கைந்து தாள்களைக் கசக்கி லேசாகத் திணித்து, ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். ரக்கூன் உள்ளே இருந்தால் ஒரே ராத்திரியில் தாள் கிழிந்து வெளியே கிடக்கும். மூன்று ராத்திரி அப்படியே இருந்தால் உள்ளே எதுவும் இல்லை. அதற்கு முன் அவசரப்பட்டு ஆணி அடித்தால், உள்ளே அகப்பட்ட தாய் வெளியேற உத்தரத்தையும் கூரைப் பலகையையும் பிய்த்துவிடும். வெளியே போன தாயானால், குட்டிகளிடம் போகப் புதிதாக ஓட்டை போடும். அடைப்பு வேலை கெடுவது பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான்.

அடைக்கும்போது ஸ்ப்ரே ஃபோமை நம்பாதீர்கள், ரக்கூன் அதைக் கேக் மாதிரி பிய்த்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள, துத்தநாகம் பூசிய கம்பிவலையை வாங்குங்கள். 16 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கிடைத்தால் நல்லது. ஓட்டையின் விளிம்பைத் தாண்டிச் சுற்றிலும் ஆறு அங்குலம் வலை வர வேண்டும். நான்கு அங்குலத்துக்கு ஒரு திருகாணி, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர். ஸ்டேப்ளர் முள் நிற்காது. அழுகிய பலகையை முதலில் மாற்றுங்கள், அதன்மேல் வலை அடித்துப் பயனில்லை. கூரைக்கு மேல் தொங்கும் கிளைகளை ஆறு அடி தள்ளி வெட்டிவிடுங்கள்.

குழந்தை இருக்கும் வீடு என்பதால் இதைக் கவனமாகப் படியுங்கள். ரக்கூன்கள் ஒரே மூலையில் மலம் கழிக்கும். அதில் பேலிசாஸ்கரிஸ் என்ற உருளைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்த முட்டை தொற்றும் நிலைக்கு வரும். மனிதர் வயிற்றுக்குள் போனால் புழு மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடும். கையில் படுவதையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். பிளீச் அந்த முட்டைகளைக் கொல்லாது, கொதிக்கும் வெந்நீர் கொல்லும். என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கழுவக்கூடிய காலணி போட்டுக்கொண்டு, புழுதி பறக்காமல் முதலில் தண்ணீர் தெளித்து, மலத்தையும் அது பட்ட இன்சுலேஷனையும் (வெப்பத் தடுப்புப் பஞ்சு) சேர்த்து அள்ளி இரட்டைப் பையில் கட்டுங்கள். அட்டிக்கில் மின்கம்பி ஓடுவதால் வெந்நீரை அங்கே கொட்ட வேண்டாம். உத்தரத்தை வெந்நீரில் நனைத்த துணியால் துடையுங்கள், கருவிகளை வெளியே வைத்துக் கொதிநீர் ஊற்றுங்கள். நிறைய இருந்தால் ஆள் வைத்துச் செய்வதே மேல்.

குட்டிகள் சுவர் இடுக்கில் விழுந்துவிட்டாலோ தாய் நகர மறுத்தாலோ ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும். கூலிக்குப் பிடிப்பவருக்கு மாநிலத்தின் பொறி லைசென்ஸ் கட்டாயம், அதற்குத் தேர்வு எழுத வேண்டும். பூச்சி மருந்து அடிக்கும் லைசென்ஸ் வேறு, இது வேறு. இதைக் காட்டச் சொல்லுங்கள். "பிடித்து வேறு இடத்தில் விட்டுவிடுகிறோம்" என்று யாராவது சொன்னால் அவரை வைக்காதீர்கள். குட்டி தனியாகக் கிடந்தால் பசும்பால் கொடுக்க வேண்டாம், வெறுங்கையால் தொடவும் வேண்டாம். வீட்டில் வைத்து வளர்ப்பதும் குற்றம். மாநில அனுமதி பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்குப் போன் செய்யுங்கள்.

உங்கள் மச்சான் டெக்சாஸ் வழக்கத்தை வைத்துப் பேசுகிறார். அங்கே தன் நிலத்தில் தொல்லை தரும் ஃபர் விலங்கை நில உரிமையாளர் லைசென்ஸ் இல்லாமல் எந்தக் காலத்திலும் பிடிக்கலாம், ஆனால் தோலை விற்க முடியாது. அங்கும் ரக்கூனை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதை வெறிநோய்த் தடுப்பு விதி தடுக்கிறது. அதை அவரிடம் சொல்லுங்கள். நியூ ஜெர்சியில் இரும்புக் கால்கவ்விக்கு 1984இலிருந்தே தடை. மாசசூசெட்ஸில் பிடித்ததை அதே மனையில்தான் விட வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில் 2000இல் நடந்த வாக்கெடுப்பும் உடலைப் பிடிக்கும் பொறிகளை வெகுவாகக் கட்டுப்படுத்தியது. வீடு மாறினால் விதியையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

தோட்டத்தில் எப்போதாவது சட்டப்படி கூண்டு வைத்தாலும் மீன், இறைச்சி போடாதீர்கள், பக்கத்து வீட்டுப் பூனைதான் மாட்டும். மார்ஷ்மெல்லோ போதும். காலையில் உள்ளே ஸ்கங்க் (பயந்தால் நாற்றத் திரவம் பீய்ச்சும் சிறு விலங்கு) இருந்தால், பழைய பெட்ஷீட்டை உங்கள் முன்னால் விரித்துப் பிடித்து மெதுவாக நடந்து கூண்டை மூடுங்கள். இருட்டில் அது பெரும்பாலும் பீய்ச்சாது. கதவை அசையாமல் திறந்து கட்டிவிட்டு, வீட்டுக்குள் போய்விடுங்கள். அது தானே போய்விடும்.

அடைப்பு வேலை முடிந்த பிறகு, வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு முறை ஏணி வைத்து ஏறி வலையின் ஓரங்களைப் பாருங்கள். அடுத்த ஈற்றுக்கு இடம் தேடும் பெண் ரக்கூன் பிப்ரவரியிலேயே அந்தப் பழைய ஓட்டையைத் தட்டிப் பார்க்க வரும்.