தஞ்சைக்குப் புறப்படுமுன்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுக்குப் புகழ்பெற்ற பழங்கட்டடம் ஒன்றைக் காட்ட விரும்புகிறோம். தஞ்சைப் பெரிய கோயிலா, அங்கோர் வாட்டா? சிங்கப்பூரில்தான் பழையது என்று சொல்ல எதுவுமில்லையே! (வாசகி, ஈசூன்)

பதில்: தஞ்சைக்கே செல்லுங்கள். 1010ஆம் ஆண்டில் இராசராசன் நிறைவு செய்த அக்கோயிலின் விமான உயரத்தை அண்ணாந்து பார்த்ததோடு திரும்பிவிடாமல், கோயிலில் ஆடிப் பணிசெய்த நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரையும் அவரவர் குடியிருந்த வீட்டு வரிசையையும் பொறித்து வைத்திருக்கும் கல்வெட்டுகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அங்கோர் வாட்டின் நெடிய புடைப்புச் சிற்பச் சுவர்களைப் பொறுமையாகப் பார்க்க, பிள்ளைகள் இன்னும் சற்று வளரட்டும்.

உங்கள் கடைசி வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நகர மண்டப எம்ஆர்டி நிலையத்துக்கு அருகே வெண்ணிறமாக நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை, இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கே கொண்டுவரப்பட்ட கைதிகள் 1856இல் தொடங்கிக் கட்டினார்கள். 1861இல் அங்கே முதல் வழிபாடு நடந்தது. முட்டையின் வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துக் குழைத்து, சிப்பிச் சுண்ணாம்பு சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்தி, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றிய சாந்து அதன் சுவர்களுக்கு. செட்டிநாட்டு வீடுகளின் பளபளக்கும் பூச்சைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் புதிதன்று. தஞ்சையில் ஆடற்பெண்டிரின் பெயர்கள்கூடக் கல்லில் இருக்கின்றன. இங்கே சாந்து குழைத்தவர்களின் பெயர்களைச் சுவரில் பொறிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு இது ஆறாத வருத்தம்.

சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் பலமுறை சென்றிருப்பீர்கள். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்சுடன் 1819இல் பினாங்கிலிருந்து வந்து, செங்கல் சூளை வைத்துப் பிழைத்த நாராயண பிள்ளை, 1827இல் அதை மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும்தான் எழுப்பினார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? அதே சாலையில், தமிழகக் கடற்கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல் இருக்கிறது.

அங்கிருந்து தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தே போகலாம். 1828க்கும் 1830க்கும் இடையே நாகூர் தர்கா அங்கே எழுந்தபோது, அத்தெரு கடற்கரையாக இருந்தது. கடல் கடந்து வந்து கரையேறியவர்கள், ஊரில் நேர்ந்துகொண்ட நாகூர் ஆண்டவரின் பெயரிலேயே அதைக் கட்டினார்கள். கடலைத் தூர்த்துவிட்டதால் இப்போது எதிரே அலுவலகக் கட்டடங்கள்தாம் தெரிகின்றன. நாகூர் ஆண்டவரான ஷாகுல் ஹமீது அடங்கியிருக்கும் மூல தர்கா நாகப்பட்டினத்தை அடுத்த நாகூரில் இருக்கிறது. தஞ்சைவரை போகிறவர்களுக்கு அது தொலைவில்லை. பயணத்தில் ஒரு நாளைக் கூட்டி, அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.