ஐந்து பேர் டிக்கெட்டையும் என் கார்டிலேயே போடலாமா?

கேள்வி: கல்லூரியிலிருந்தே ஒன்றாகச் சுற்றும் ஐந்து பேர் நாங்கள். இன்னும் ஏழு மாதத்தில் வெளியூரில் நடக்கப்போகும் மூன்று நாள் இசை விழாவுக்குப் போய், நான்கு இரவு டென்டில் தங்குவதாகத் திட்டம். டிக்கெட், பயணம், தங்கல், சாப்பாடு என்று என் பங்கு மட்டும் ஒன்றரை மாதச் சம்பளம் வருகிறது. மாதம் சம்பளத்தில் 25 சதவீதம் மிஞ்சும். அதில் 10 சதவீதம் நீண்டகால முதலீட்டுக்குத் தானாகப் போய்விடும். மூன்று மாதச் செலவுக்கான அவசரச் சேமிப்பு தனியாக இருக்கிறது. என் கிரெடிட் கார்டில்தான் வரம்பு அதிகம் என்பதால், "நீயே எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுடு, அப்புறம் தந்துடறோம்" என்கிறார்கள். ஒருவன் இப்போதுதான் வேலை மாறியிருக்கிறான், அவன் கையில் பணமில்லை. ரிவார்டு பாயிண்ட் முழுக்க எனக்கே வருமே என்று எனக்கும் ஒரு சபலம். போடலாமா? கூடவே, சொந்தமாக டென்ட் வாங்குவது லாபமா?

பதில்: விழாவுக்குத் தாராளமாகப் போங்கள். ஐந்து பேருக்கும் சேர்த்துக் கார்டைப் போடாதீர்கள்.

முதலில் உங்கள் பங்கைப் பார்ப்போம். முதலீடு போக மிஞ்சும் 15 சதவீதத்தை ஏழு மாதம் ஒதுக்கினால் 105 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளமும் கொஞ்சமும் சேரும். தேவை 150. முதலீட்டை மூன்றே மூன்று மாதம் நிறுத்திவைத்தால் இன்னொரு 30 கிடைக்கும். ஆக 135. மீதி 15 சதவீதத்தைப் பயணத் திட்டத்திலிருந்தே வெட்டுங்கள். மொத்தச் செலவில் அது பத்தில் ஒரு பங்குதான். ஐந்து பேரும் ஒரே வண்டியில் போவது, விலை கூடிய டிக்கெட் வகையை விட்டுச் சாதாரண வகைக்கு இறங்குவது போன்றவற்றிலேயே வந்துவிடும். முதலீட்டை நிறுத்தச் சொல்கிறாரே என்று சிலர் முகம் சுளிக்கலாம். திரும்பத் தொடங்கும் தேதியை இப்போதே வங்கியில் பதிந்துவிட்டால் மூன்று மாத இடைவெளியால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. அவசரச் சேமிப்பை மட்டும் தொடாதீர்கள். பாட்டுக் கேட்கப் போவது அவசரம் அல்ல.

சரி, கார்டு விஷயம். டிக்கெட், பயணம் என்று முன்பதிவுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கும் சேர்த்தால் உங்கள் ஐந்து மாதச் சம்பளம் ஒரே பில்லில் ஏறி நிற்கும். அதைக் கெடு தேதிக்குள் முழுதாகக் கட்ட, நான்கு பேரும் சொன்ன தேதியில் தர வேண்டும். ஒருவன் தர மாட்டான் என்று உங்களுக்கே தெரிகிறது. பாக்கி நின்றால் நின்ற தொகைக்கு மட்டும்தான் வட்டி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்டுகளில், பாக்கி நிற்கும் வரை நீங்கள் புதிதாக வாங்கும் சாமானுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடைக்காது. நண்பனுடைய டிக்கெட்டுக்காக உங்கள் வீட்டு மளிகைக்கும் வட்டி ஓடும்.

பாயிண்ட் சபலத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பாயிண்டின் மதிப்பு செலவில் 1 சதவீதம், கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்று வையுங்கள். பாக்கி பத்து நாள் நின்றாலே பாயிண்ட் கரைந்துவிடும். பதினோராம் நாளிலிருந்து உங்கள் கைக்காசு போகும்.

நானும் ஒரு காலத்தில் இப்படி ஆறு பேருக்கு வேன் பேசி முன்பணம் கட்டியவன்தான். இரண்டு பேர் கடைசி வாரத்தில் கழன்றுகொண்டார்கள். அதில் ஒருவரிடம் பணத்தைக் கேட்க எனக்குக் கூச்சம், தர அவருக்குக் கூச்சம். இப்படியே ஒன்றரை வருடம் போனது. பணம் வந்து சேர்ந்தது. பழைய பேச்சு மட்டும் திரும்ப வரவில்லை.

அதனால் ஆளுக்கு ஆள் அவரவர் கார்டில் டிக்கெட் எடுங்கள். தளத்தில் ஒரே ஆள்தான் ஐந்தும் எடுக்க முடியும் என்றால், நான்கு பேர் பங்கும் உங்கள் கணக்குக்கு வந்த பிறகு கார்டைப் போடுங்கள். பணம் வந்தவர்களுக்கு மட்டும் டிக்கெட். வண்டியும் டென்ட் இடமும் அந்த எண்ணிக்கையைப் பார்த்து. விழாக்காரர்களே வட்டியில்லாமல் தவணை தந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் முதலில் சிறு முன்பணம், மீதியைச் சில மாதம் கழித்து என்பது நெடுநாள் வழக்கம். வேலை மாறிய நண்பருக்கு இப்படி ஒன்று அமைந்தால் மூச்சு விட நேரம் கிடைக்கும்.

அவர் வேறு எங்காவது தவணைக் கடன் எடுக்கப் போனால் ஒன்றை எச்சரியுங்கள். "வருடத்துக்கு 12 சதவீதம்தான்" என்று சொல்லி, முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை வட்டி போடும் திட்டங்கள் உண்டு. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், பன்னிரண்டு மாதக் கடனில் அந்த 12 சதவீதம் உண்மையில் 21 சதவீதத்துக்கு மேல் போகும். செயலாக்கக் கட்டணம் அதற்கும் மேலே.

அவருக்கு உதவத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால், எவ்வளவு திரும்பாவிட்டாலும் பரவாயில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்தத் தொகையைக் கைமாற்றாக இல்லாமல் பரிசாகவே கொடுத்துவிடுங்கள். மற்ற மூவரிடமும் பேசி நாலு பேராகப் பகிர்ந்தால் யாருக்கும் பெரிதாக வலிக்காது.

யாராவது கழன்றுகொண்டால் என்ன செய்வது என்பதையும் டிக்கெட் எடுக்கும் முன்பே பேசுங்கள். டிக்கெட்டை வேறொருவருக்கு மாற்ற முடியுமா என்று நிபந்தனைகளில் பாருங்கள். கிளாஸ்டன்பரியில் டிக்கெட்டிலேயே வரப்போகிறவர் படம் இருக்கும், கைமாற்றவே முடியாது. சில இடங்களில் விழாவின் சொந்த மறுவிற்பனைத் தளத்தில் மட்டும் விற்கலாம். ஆனால் வண்டி வாடகையில் விலகியவரின் பங்கு விலகாது, மீதிப் பேர் தலையில்தான் விழும். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு விலகுபவர் பொதுச் செலவில் தன் பங்கைத் தருவார், அல்லது மாற்று ஆளைத் தேடித் தருவார் என்று குழுவில் எழுதியே வையுங்கள். அதற்கு ஒப்புக்கொள்பவர்களில் முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்; மற்றவர்களுக்குச் சங்கடம் குறையும்.

விழாவே நின்றால்? 2023இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் மழைச் சேறு காரணமாக நுழைவைப் பாதியில் நிறுத்தினார்கள். டிக்கெட் கையில் இருந்தும் ஆயிரக்கணக்கானோர் உள்ளே போக முடியவில்லை. அவர்களுக்கு டிக்கெட் பணம் திரும்பியது. ஆனால் பொதுவாகத் திரும்புவது அவ்வளவுதான். பயணச் செலவும் பல இடங்களில் முன்பதிவுக் கட்டணமும் போனது போனதுதான். எனவே பயணத்திலும் தங்கலிலும் ரத்து செய்யக்கூடிய வகைக்குச் சற்றுக் கூடக் கொடுப்பது வீண் அல்ல. பயணக் காப்பீடு எடுப்பதானால் முன்பதிவு செய்யும் அன்றே எடுங்கள். உங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போவதற்கான பாதுகாப்பு அன்றிலிருந்தே தொடங்கும். விழா ரத்தாவது பெரும்பாலும் அதில் சேராது, படித்துப் பாருங்கள்.

புது விழா, வாய் பிளக்க வைக்கும் விளம்பரம் என்றால் இன்னும் உஷார். 2017இல் பஹாமாஸில் நடப்பதாகச் சொன்ன ஃபயர் விழாவில், வருவதற்கு முன்பே கைப்பட்டையில் (ரொக்கத்துக்குப் பதிலாகப் பணம் ஏற்றிக் கையில் கட்டிக்கொள்ளும் பட்டை) பணம் ஏற்றச் சொன்னார்கள். போனவர்களுக்குச் சரியான கூரைகூட இல்லை. நடத்தியவருக்கு மோசடிக்காக அடுத்த வருடம் ஆறு வருடச் சிறை விதித்தார்கள்.

கைப்பட்டை பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், பட்ஜெட் உடைவது பெரும்பாலும் அங்கேதான். ரொக்கம் வாங்காத விழாக்களில் கையை நீட்டினால் பணம் போய்விடும், போனது தெரியாது. பெல்ஜியத்தின் டுமாரோலேண்டில் 'பேர்ல்' என்று தனி நாணயமே வைத்திருக்கிறார்கள். விலை சொந்தப் பணத்தில் இல்லாதபோது மனம் கணக்குப் போடாது. ஒரு நாளுக்கான தொகையைக் காலையில் ஏற்றுங்கள், தானாக ஏற்றும் வசதியை அணையுங்கள். மிச்சத்தைத் திரும்பக் கேட்கக் கடைசித் தேதி இருக்கும், அதையும் குறித்துவையுங்கள். வெளிநாடு என்றால், கார்டு இயந்திரம் எந்த நாணயத்தில் கட்டணம் என்று கேட்கும்போது அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். உங்கள் நாணயத்தில் காட்டும் தொகையில் மாற்று லாபம் ஏறியிருக்கும்.

பொதுச் செலவுக்குத் தினம் ஆளுக்கு ஒரே தொகை போட்டு, ஒருவர் வைத்திருக்கட்டும். வண்டி, தண்ணீர், போன் சார்ஜ், லாக்கர் எல்லாம் அதிலிருந்து போகலாம். மது அதில் சேர வேண்டாம். குடிக்காதவர் குடிப்பவரின் பில்லில் ஐந்தில் ஒரு பங்கு கட்டுவது ஒரு இரவு சிரிப்பாக இருக்கும், மூன்றாவது இரவில் இருக்காது.

டென்ட்: வாங்காதீர்கள். இரவல் கிடைக்குமா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். அடுத்த வருடமும் போனால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.