ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு கட்டம் போட: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் திருப்பத்தூர் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. எமிஸ் என்ற பள்ளிக் கல்வித் தளத்தில் மாணவர் விவரம் ஏற்றுவதில் சந்தேகம் வந்தால் எங்கள் ஒன்றியத்தில் பலரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் விளக்கி மாளவில்லை. அதனால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அழுத்த வேண்டிய பட்டனைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவில் அனுப்புகிறேன். சிலர் அதையே பிரிண்ட் எடுத்து ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொள்கிறார்கள். தம்பி என் லேப்டாப்பில் கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். அதில் பிரஷ்ஷால் வட்டம் போட்டால் கோணல்மாணலாக வருகிறது, நேர்க்கோடு அதைவிட மோசம். ஸ்கேன் செய்த படிவங்களில் சிவப்பை எடுத்து வரைந்தாலும் சாம்பல் நிறம்தான் விழுகிறது. ஒரு படத்துக்குக் கால் மணி நேரம் போகிறது. காசு கொடுத்து எதுவும் வாங்க முடியாது. சட்டென்று வட்டம், கட்டம், அம்புக்குறி போட வழி உண்டா? நான் செய்த இரண்டு படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கேள்விக்கு முன்னால் ஓர் அவசர விஷயம். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில் ஒரு மாணவியின் பெயரையும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் கருப்பு மார்க்கரால் அடித்திருக்கிறீர்கள். படத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தேன், எண் முழுவதும் தெரிகிறது. அந்தப் படத்தைக் குழுவிலிருந்து இன்றைக்கே எடுத்துவிடுங்கள், உங்களால் அழிக்க முடியாவிட்டால் குழு அட்மினிடம் சொல்லுங்கள். ஏன் அப்படித் தெரிகிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சரி, வட்டத்துக்கு வருவோம். கோணலாக வருவது உங்கள் கையின் குறை இல்லை. கிம்ப் 1995-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரண்டு மாணவர்கள் தொடங்கிய மென்பொருள், புகைப்படங்களைத் திருத்துவதில் இன்றைக்கும் அருமையானது. ஆனால் பல வருடங்களாக மக்கள் பயன்படுத்திவரும் அதன் பதிப்புகளில் கருவிப்பெட்டியைத் தலைகீழாகத் தேடினாலும் 'வட்டம் போடு', 'அம்புக்குறி போடு' என்று ஒரு பொத்தான் கிடைக்காது. பிரஷ்ஷால் போட்டதும் அது படத்தின் புள்ளிகளோடு புள்ளியாகக் கலந்துவிடும், அப்புறம் நகர்த்தவோ பெரிதாக்கவோ முடியாது, அழித்துவிட்டுத் திரும்பத்தான் போட வேண்டும். உங்கள் கால் மணி நேரம் அங்கேதான் போகிறது.

கிம்ப்பிலேயே செய்தாக வேண்டும் என்றால் வழி இது. முதலில் புதிதாக ஒரு லேயர் (படத்தின் மேல் வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு) போட்டுக்கொள்ளுங்கள், வரைவதெல்லாம் அதில் விழுந்தால் பிறகு தனியாக நகர்த்தலாம், அழிக்கலாம். கட்டத்துக்கு 'ஆர்' (R) விசை, வட்டத்துக்கு 'இ' (E) விசை. இரண்டும் தேர்வுக் கருவிகள், வரையும் கருவிகள் இல்லை. பட்டனைச் சுற்றி இழுத்துத் தேர்வு செய்யுங்கள், ஓரங்களைப் பிடித்துச் சரிசெய்துகொள்ளலாம். பிறகு எடிட் மெனுவில் 'ஸ்ட்ரோக் செலக்‌ஷன்' என்று இருக்கும், அதில் கோட்டின் தடிமனை 5 பிக்சல் (படப்புள்ளி) என்று கொடுத்தால் தேர்ந்த இடத்தைச் சுற்றிச் சுத்தமான கோடு விழும். கண்ட்ரோல், ஷிஃப்ட், 'ஏ' (A) மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எறும்பு ஊர்வது போன்ற புள்ளிக்கோடு போய்விடும். நேர்க்கோட்டுக்குப் பிரஷ்ஷை எடுத்து ஓரிடத்தில் ஒரு கிளிக், ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு இன்னோர் இடத்தில் ஒரு கிளிக், அவ்வளவுதான். அம்புக்குறியின் தலைக்கு இதேபோல இரண்டு சின்னக் கோடு போட வேண்டும்.

சாம்பல் நிற மர்மத்துக்குக் காரணம் எளிது. அந்தப் படிவங்களைக் கருப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட படத்தை கிம்ப் 'கிரேஸ்கேல்' முறையிலேயே திறக்கும், அதில் நிறத்துக்கு இடமே கிடையாது, எந்த நிறத்தில் வரைந்தாலும் அதற்கு இணையான சாம்பல்தான் கிடைக்கும். இமேஜ் மெனுவில் 'மோட்' என்பதற்குள் போய் 'ஆர்ஜிபி' (RGB, வண்ண முறை) என்று மாற்றிவிட்டு வரையுங்கள், சிவப்பு சிவப்பாகவே வரும்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் வேலைக்கு நான் கிம்ப்பைச் சொல்ல மாட்டேன். உங்கள் லேப்டாப் விண்டோஸ் என்று படத்திலேயே தெரிகிறது. கிரீன்ஷாட் என்று ஒரு திறமூல மென்பொருள் இருக்கிறது, விண்டோஸில் இலவசம். பிரிண்ட் ஸ்கிரீன் விசையை அழுத்தி, வேண்டிய பகுதியை இழுத்துத் தேர்ந்தால் அதன் எடிட்டரில் திறக்கலாம். அங்கே 'ஆர்' (R) கட்டம், 'இ' (E) வட்டம், 'ஏ' (A) அம்புக்குறி, 'டி' (T) எழுத்து. போட்ட கட்டம் தனிப் பொருளாகவே இருக்கும், தொட்டு நகர்த்தலாம், இழுத்துப் பெரிதாக்கலாம், தடிமனை மாற்றலாம். 1, 2, 3 என்று படிவரிசை எண்கள் தானாக ஏறும் ஒரு கருவியும் உண்டு, உங்களுக்கு அது பெரிய உதவி. கிரீன்ஷாட்டின் சொந்த வடிவத்திலும் ஒரு பிரதியைச் சேமித்துக்கொண்டால், தளத்தில் அந்தப் பட்டன் இடம் மாறும்போது பழைய கட்டத்தை நகர்த்தினாலே போதும். விண்டோஸ் 11-இல் பிரிண்ட் ஸ்கிரீன் விசை அதன் சொந்த ஸ்னிப்பிங் டூலைத் திறந்தால், செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, கீபோர்டு என்று போய் அதை அணைத்துவிடுங்கள். பள்ளியில் லினக்ஸ் கணினி இருந்தால் அதற்கு ஃபிளேம்ஷாட் போடச் சொல்லுங்கள், அதுவும் இதே வசதிதான்.

பெரிய கையேடாகச் செய்யும் எண்ணம் வந்தால் மட்டும் இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளைக் கற்றுக்கொள்ளுங்கள். படத்தை உள்ளே கொண்டுவரும்போது 'எம்பெட்' (கோப்புக்குள்ளேயே வைப்பது) செய்யவா 'லிங்க்' (இருக்கும் இடத்தை மட்டும் குறித்துக்கொள்வது) செய்யவா என்று கேட்கும், எம்பெட் என்றே கொடுங்கள். லிங்க் கொடுத்துவிட்டு ஃபோல்டரை மாற்றினால் படம் காணாமல் போகும். தினசரி வேலைக்கு அது தேவையில்லை.

இனி எனக்கு மிகவும் அக்கறையுள்ள ஒன்று. பட்டனுக்கு வட்டம் போடாதீர்கள், கட்டம் போடுங்கள். பட்டன் நீளமான செவ்வகம், அதன் நான்கு மூலைகளும் உள்ளே அடங்குகிற மாதிரி வட்டம் போட்டால் அது மேல்வரியையும் கீழ்வரியையும் வெட்டிக்கொண்டு போகும். உங்கள் முதல் படத்தில் அப்படித்தான் 'சேமி'யைச் சுற்றிய வட்டம் பக்கத்திலிருக்கும் 'நீக்கு'வின் பாதியையும் உள்ளே இழுத்துக்கொண்டது. பதற்றத்தில் இருக்கும் ஒரு புது ஆசிரியர் எதை அழுத்துவார்? அதே படத்தில் நான்கு வட்டம், மூன்று அம்புக்குறி இருக்கின்றன. ஒரு படத்தில் ஒரு செயல் போதும், நான்கு படமாக ஆனாலும் பரவாயில்லை. அம்புக்குறி வேண்டுமென்றால் காலி இடத்திலிருந்து தொடங்கிப் பட்டனின் ஓரத்தில் நிற்கட்டும், எழுத்தின் மேல் ஏற வேண்டாம்.

ஜெராக்ஸ் எடுப்பார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதில் சிவப்பு அடர்த்தியான சாம்பலாகும், மஞ்சள் ஏறக்குறைய மறைந்தே போகும். ஆகவே நிறத்தை நம்பாமல் தடிமனை நம்புங்கள், 4, 5 பிக்சலுக்குக் குறையாமல். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்கள் உள்ளவர்கள் எல்லா ஊழியர் அறையிலும் இருக்கலாம், 'சிவப்புக் கட்டத்தை விடுங்கள், பச்சையை அழுத்துங்கள்' என்று எழுதினால் அவர்கள் திண்டாடுவார்கள். எண் போட்டு '2-ஐ அழுத்துங்கள்' என்று எழுதுங்கள்.

படத்தைப் பிஎன்ஜி (PNG) வடிவத்தில் சேமியுங்கள். ஜேபெக் (JPEG) வடிவம் வெளிச்ச விவரத்தைக் காட்டிலும் நிற விவரத்தைக் குறைவாகவே வைத்துக்கொள்ளும், பெரும்பாலும் நீளத்திலும் அகலத்திலும் பாதி அளவுக்கு. மெல்லிய சிவப்புக் கோட்டின் ஓரம் அழுக்குப் பிடித்த மாதிரி தெரிவது அதனால்தான். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அதுவே சுருக்கிவிடும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

இப்போது அந்த மாணவியின் எண். போனில் இருக்கும் பல மார்க்கர்கள் முழுக் கருப்பு இல்லை, கொஞ்சம் ஊடுருவித் தெரியும் கருப்பு. இரண்டு மூன்று முறை தேய்த்தால் கண்ணுக்கு மறைகிறது, ஆனால் அடியில் இருப்பது படத்தில் மங்கலாக இருந்துகொண்டே இருக்கிறது. கட்டம் கட்டமாக மங்கலாக்கும் வித்தையையும் எழுத்துக்கும் எண்ணுக்கும் நம்பாதீர்கள், அப்படி மங்கலாக்கியதிலிருந்து எழுத்தை மீட்கும் நிரல்கள் இருக்கின்றன. வெட்டி எடுத்தாலும் போதாமல் போனதுண்டு. கூகுள் பிக்சல் போன்களில் இருந்த மார்க்கப் கருவியும் விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலும், வெட்டிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்தபோது வெட்டி எறிந்த பகுதியின் தரவைக் கோப்பின் வாலில் விட்டுவைத்தன என்று 2023 மார்ச்சில் தெரியவந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன்னால் அனுப்பிய படங்கள் அனுப்பியவைதான்.

அதனால் முழுக் கருப்பு நிரப்பிய ஒரு செவ்வகத்தைப் பெயரின் மேலும் எண்ணின் மேலும் வையுங்கள், பிறகு புதிய பெயரில் பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்து அதை மட்டும் அனுப்புங்கள். கிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பையோ கிரீன்ஷாட்டின் சொந்தக் கோப்பையோ அனுப்பினால் வாங்கியவர் செவ்வகத்தை எடுத்துவிட்டு அடியில் பார்க்கலாம். இன்னும் பத்திரமான வழி, படம் எடுப்பதற்கு முன்பே வேலையை முடிப்பது. நிரப்பாத காலிப் படிவத்தை எடுங்கள். நிரப்பிய படிவத்தைக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால், எதையும் சமர்ப்பிக்காமல், பெட்டிகளில் 'மாணவர் பெயர்' என்றும் பத்து சுழியங்கள் என்றும் தட்டச்சு செய்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

புதிதாகச் செய்யும் முதல் படத்தைக் குழுவில் போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.