கண்ட்ரோல் பிளேட்ல விசித்திரமான ரிசல்ட்: தூக்கிப் போடலாமா?

கேள்வி: மைக்ரோபயாலஜி ப்ராஜெக்ட் பண்றேன். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மருந்தே வைக்காம விட்ட கண்ட்ரோல் பிளேட்ல ஒரு இடத்துல மட்டும் பாக்டீரியா வளராம வட்டமா தெளிவா இருக்கு. கன்டாமினேஷன்தான், தூக்கிப் போட்டுட்டு திரும்பப் பண்ணுனு சீனியர் சொல்றாங்க. பென்சிலின் கதை படிச்சதால மனசு வரல. என்ன பண்ணட்டும்?

பதில்: இப்போதைக்கு தூக்கிப் போடாதீங்க, ஆனா பெரிய கனவும் வேண்டாம். இந்த மாதிரி வட்டம் பெரும்பாலும் சாதாரண காரணத்தாலதான் வரும், பாக்டீரியாவப் பரப்புற ஸ்ப்ரெடர்ல ஆல்கஹால் மிச்சம் இருந்திருக்கும், இல்ல அந்த இடத்துல கல்ச்சர் சரியா பரவாம போயிருக்கும்.

முதல்ல மூடியத் திறக்காம போட்டோ எடுத்து, ஓரத்துல பாராஃபில்ம் (மூடிய இறுக்கி ஒட்டுற மெழுகு ஷீட்) சுத்தி, லேப் ஃப்ரிட்ஜ்ல வைங்க. அப்புறம் நோட்புக்ல எழுதுங்க: மீடியா (பாக்டீரியா வளர்ற சத்துக் கலவை) எந்த பேட்ச், பிளேட் எப்ப ஊத்தினது, எத்தன நாள் இன்குபேட்டர்ல இருந்துச்சு. இன்னைக்கே எழுதணும், நாளைக்குன்னு விட்டா பாதி மறந்துடும்.

நாள் கணக்க அழுத்திச் சொல்றேன்னா காரணம் இருக்கு. 1982ல ஆஸ்திரேலியாவுல பெர்த்ல பாரி மார்ஷலும் ராபின் வாரனும் நோயாளிங்க வயித்துல இருந்து எடுத்த சாம்பிள வளர்த்துப் பாத்தாங்க, 30 பேருக்கு மேல பாத்தும் ஒண்ணும் வரல, ஏன்னா ரெண்டு நாள்ல வளரலன்னா பிளேட்டத் தூக்கிப் போடறதுதான் அங்க வழக்கம். ஈஸ்டர் லீவுல ஒரு பிளேட் எடுக்காம இன்குபேட்டர்லயே கிடந்துச்சு, திரும்பி வந்து பாத்தா காலனி, அதாவது பாக்டீரியா கூட்டம், நிக்குது! அதுதான் அல்சருக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி. 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் கிடைச்சுது.

அடுத்தது, வட்டத்து நடுவுல பூஞ்சையோ வேற காலனியோ இருக்கான்னு பாருங்க. இருந்தா, உங்க கைடுகிட்ட சொல்லிட்டு, கிருமி வெளிய பரவாம தடுக்கற பயோசேஃப்டி கேபினெட்லயே திறந்து, அத மட்டும் புது பிளேட்டுக்கு மாத்துங்க. பென்சிலின் கண்டுபிடிச்ச ஃப்ளெமிங் 1928ல பூஞ்சையப் பாத்ததோட நிக்கல, தனியா வளர்த்து, அது வளந்த திரவத்த வடிகட்டி பல பாக்டீரியா மேல சோதிச்சாரு, அந்த வேலைய யாரும் கதையா சொல்றதில்ல.

நடுவுல ஒண்ணுமே இல்லன்னா ரோசன்பெர்க் வழிதான். பார்னெட் ரோசன்பெர்க் மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில ஈ.கோலை பாக்டீரியாவுக்கு கரண்ட் குடுத்துப் பாத்தாரு, செல்லெல்லாம் பிரியாம நூல் மாதிரி நீளமா போச்சு. கரண்டுதான் காரணம்னு எழுதிட்டுப் போயிருக்கலாம். ஆனா அவரோட டீம் ஒவ்வொண்ணா மாத்திப் பாத்து, கடைசியில எலக்ட்ரோடுல இருந்த பிளாட்டினம் கரைஞ்சு மீடியாவோட சேர்ந்து உருவான காம்பவுண்டுதான் வேலை செஞ்சிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, 1965ல பேப்பர் வந்துச்சு. அந்த வழியில வந்த சிஸ்பிளாட்டின்தான் 1978ல அமெரிக்காவுல கேன்சர் மருந்தா அனுமதி வாங்குச்சு.

அதனால நீங்களும் ஒரு தடவைக்கு ஒண்ண மட்டும் மாத்துங்க. அதே பேட்ச்ல மூணு பிளேட், புது பேட்ச்ல மூணு, ஸ்ப்ரெடருக்குப் பதிலா ஸ்வாப் வச்சு மூணு. எதுலயும் வட்டம் வரலன்னா விட்டுடுங்க, ப்ராஜெக்ட் முடிக்கற வழியப் பாருங்க. ஆனா ரிப்போர்ட்ல அந்த கண்ட்ரோல மறைக்காதீங்க, இப்படி ஒண்ணு வந்துச்சு, திரும்ப வரலன்னு எழுதினா போதும்.

போட்டோ எடுக்கும்போது பிளேட் அடியில எழுதின நம்பரும் தேதியும் தெரியணும், பக்கத்துல ஒரு ஸ்கேல் வச்சு எடுங்க.