14 லாரிகள், ஒரு கார்பன் கணக்கு: எங்கே தொடங்குவது?

கேள்வி: என்னிடம் 14 லாரிகள் ஓடுகின்றன. 11 பெரிய வண்டிகள் 250 முதல் 400 கிலோமீட்டர் வரை சரக்கு ஏற்றிச் செல்கின்றன. 3 சிறிய வண்டிகள் நகரத்துக்குள்ளேயே சுற்றுகின்றன. எங்கள் முக்கிய வாடிக்கையாளர், அடுத்த ஆண்டு முதல் டன்-கிலோமீட்டருக்கு (ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக) எவ்வளவு கார்பன் வெளியாகிறது என்று கணக்குக் கொடுக்க வேண்டும், அது ஆண்டுக்காண்டு குறையவும் வேண்டும் என்கிறார். நல்ல மைலேஜ் எடுக்கும் டிரைவர்களுக்கு ஏற்கெனவே ஊக்கத்தொகை தருகிறேன். அடுத்து எலெக்ட்ரிக் லாரி வாங்குவதா, எல்என்ஜி (திரவ இயற்கை எரிவாயு) வண்டிக்கு மாறுவதா?

பதில்: வண்டி வாங்கும் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் அந்த ஊக்கத்தொகையைப் பார்ப்போம். வாடிக்கையாளர் கேட்கும் கணக்கும் நீங்கள் டிரைவருக்குத் தரும் பரிசும் எதிரெதிர்ப் பக்கம் இழுக்கின்றன.

ஒரு நடையை எடுத்துக்கொள்வோம். 20 டன் ஏற்றிக்கொண்டு 300 கிலோமீட்டர் போய், காலியாகத் திரும்புகிறது ஒரு கனரக லாரி. லோடோடு 100 கிலோமீட்டருக்கு 33 லிட்டர், காலியாக 22 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 165 லிட்டர் டீசல். வண்டி காலியாகப் போனாலும் லோடுக்கு ஆகும் டீசலில் மூன்றில் இரண்டு பங்கு செலவாகிறது, கவனியுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். ஆக 442 கிலோ. வேலை நடந்ததோ 20 டன் × 300, அதாவது 6,000 டன்-கிலோமீட்டர்தான். டன்-கிலோமீட்டருக்கு சுமார் 74 கிராம்.

இப்போது அதே வண்டிக்கு 10 டன் ரிட்டர்ன் லோடு கிடைக்கிறது. திரும்பும் வழியில் கூடுதலாக 16 லிட்டரோ என்னவோ ஆகும். மொத்தம் ஏறக்குறைய 181 லிட்டர், 485 கிலோ கார்பன் டை ஆக்சைடு. ஆனால் வேலை 9,000 டன்-கிலோமீட்டராகிவிட்டது. டன்-கிலோமீட்டருக்கு 54 கிராம். கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது! மைலேஜ் என்ன ஆனது? லிட்டருக்கு 3.6 கிலோமீட்டரிலிருந்து 3.3 ஆக இறங்கிவிட்டது. உங்கள் முறைப்படி பார்த்தால், லோடோடு திரும்பிய டிரைவர் பரிசை இழக்கிறார், காலியாக வந்தவர் வாங்கிக்கொண்டு போகிறார்.

மைலேஜை அளக்காதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரே வண்டி, ஒரே வழித்தடம், ஏறக்குறைய ஒரே எடை என்றால் அது நல்ல அளவுகோல். லோடு எடையைச் சேர்த்துப் பார்க்காமல் வண்டிக்கு வண்டி ஒப்பிடும்போதுதான் ஏமாற்றும். ஒவ்வொரு நடைக்கும் டீசல், தூரம், எடை மூன்றையும் ஒரே தாளில் எழுத ஆரம்பியுங்கள். காலியாக ஓடிய தூரத்துக்குத் தனிக் கட்டம் போடுங்கள். ஐரோப்பாவில்கூட சரக்கு லாரிகள் ஓடும் தூரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு காலி ஓட்டம்தான். உங்களுடையது அதைவிடக் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சரி, ரிட்டர்ன் லோடு கிடைத்தால் நான் ஏன் விடுகிறேன் என்று கேட்பீர்கள். நியாயம்தான். பல நேரம் லோடு இருக்கும், காத்திருக்க நேரம் இருக்காது. மறுநாள் காலையே வண்டி திரும்ப வர வேண்டும் என்று சொல்வது யார்? பெரும்பாலும் கார்பன் கணக்குக் கேட்கும் அதே வாடிக்கையாளர்தான். பாதி லோடானாலும் இன்றே அனுப்பு என்பதும், கேட்டுக்கு வெளியே வண்டியை மணிக்கணக்கில் நிறுத்துவதும் அவர் தரப்புதான். எனவே ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் உட்காருங்கள். டெலிவரி நேரத்தை அரை நாள் தளர்த்தினால் எத்தனை நடைகளை முழு லோடாகச் சேர்க்கலாம், எத்தனைக்கு ரிட்டர்ன் லோடு பிடிக்கலாம் என்று எண்ணோடு காட்டுங்கள். எந்தப் புது வண்டியும் இவ்வளவு மலிவாக இந்த அளவு குறைப்பைத் தராது. கேட்க வேண்டிய இன்னொன்று, சரக்கை அடுக்கும் விதம். எடை நிரம்பும் முன்பே இடம் நிரம்பிவிடும் சரக்காக இருந்தால், பெட்டியின் அளவையும் அடுக்கின் உயரத்தையும் மாற்றுவது அவர் கையில்தான் இருக்கிறது.

அப்புறம் ஓட்டும் விஷயம். இறக்கத்தில் நியூட்ரலில் போட்டு உருட்டினால் டீசல் மிச்சம் என்று இன்னும் நம்பும் டிரைவர்கள் உண்டு. இப்போதைய எலெக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் இன்ஜின்களில் நடப்பது நேர்மாறு. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது. லோடு வண்டியில் அது உயிர் விஷயம்.

நிற்கும் வண்டியில் இன்ஜினை ஓட விட்டால் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் வரை வீணாகும். வேகத்தைப் பொறுத்தவரை, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 80க்கு இறங்கினால் அந்த எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். டீசல் அதே அளவு குறையாது, ஏனென்றால் டயர் உருளும் எதிர்ப்பும் ஏற்றமும் தங்கள் பங்கைக் கேட்கும். ஆனாலும் நெடுஞ்சாலையில் இது கண்ணுக்குத் தெரியும் மிச்சம். படபடவென்று அடித்துக்கொள்ளும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும் இதே கணக்கில் சேரும்.

டயரில் காற்றை வண்டி ஓடும் முன், குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், சரியாக இருக்கிறது என்று விட்டுவிடுவோம். இரட்டைச் சக்கரத்தில் உள் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. வால்வு நீட்டிப்புக் குழாய் ஒன்று மாட்டிவிட்டால் அந்தச் சாக்கு போய்விடும். டிரைவர் பயிற்சியால் வரும் பலன், பின்தொடர்ந்து பேசாவிட்டால் சில மாதங்களில் கரைந்துவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி வண்டி விஷயம். எல்என்ஜி எனக்கு அவ்வளவாகப் பிடித்த வழியல்ல. ஒரே அளவு ஆற்றலுக்கு டீசலைவிடக் கார்பன் குறைவு என்பது உண்மை. ஆனால் தீப்பொறி முறையில் இயங்கும் எரிவாயு இன்ஜினின் திறன் டீசல் இன்ஜினைவிடக் குறைவு, அந்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். எல்என்ஜியில் பெரும்பகுதி மீத்தேன்தான், மிச்சத்தை அதன் கசிவு தின்னலாம். புவியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு ஏறக்குறைய சமம்.

எலெக்ட்ரிக் லாரியின் மோட்டார் திறன் டீசல் இன்ஜினைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் கார்பன் குறையுமா என்பதை, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முடிவு செய்யும். பெரிய வண்டிக்கு கிலோமீட்டருக்கு 1.3 யூனிட் என்று கொள்ளுங்கள். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டிக் கார்பனை விடும். அப்படியென்றால் கிலோமீட்டருக்கு 1.3 கிலோ. டீசலின் உற்பத்தியையும் சேர்த்தால் நம் லாரி லோடோடு விடுவது 1.1 கிலோவுக்குள்தான்! அதாவது முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓட்டினால் நிலைமை மோசமாகும். யூனிட்டுக்கு 400 கிராம் உள்ள மின்சாரத்தில் பாதியாகக் குறையும். டிப்போ கூரையில் சோலார் போட்டுப் பகலில் சார்ஜ் செய்ய முடிந்தால் இன்னும் இறங்கும். உங்கள் மின்வாரியம் யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்று வெளியிடும் எண்ணைத் தேடி எடுங்கள்.

அந்த எண் சாதகமாக இருந்தால் 3 சிறிய வண்டிகளில் தொடங்குங்கள். தினமும் ஒரே சுற்று, இரவில் டிப்போவுக்குத் திரும்பி வரும், அடிக்கடி பிரேக் போடும்போது ஆற்றல் பேட்டரிக்குத் திரும்பும். வண்டிக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே கூடுதல் மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். வண்டி வந்து நிற்கும், இணைப்பு வராது என்ற கதை எங்கும் நடக்கிறது.

கடைசியாக, கணக்கை எழுதும் முறை. போக்குவரத்தின் கார்பன் வெளியீட்டைக் கணக்கிட 2023இல் வெளியான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 14083ஐப் பின்பற்றுங்கள். அதன்படி காலி ஓட்டமும் கணக்கில் வர வேண்டும், டீசலைத் தயாரித்துக் கொண்டுவருவதில் வெளியாகும் கார்பனும் வர வேண்டும். எனவே லிட்டருக்கு 2.68 போதாது, 3.2 கிலோவை ஒட்டி வரும். டன்-கிலோமீட்டரில் வைக்கும் தூரம் வண்டி உண்மையில் சுற்றிய தூரமல்ல, இரு இடங்களுக்கும் இடையே போகக்கூடிய மிகக் குறுகிய வழி அல்லது நேர்கோட்டுத் தூரம். சுற்றிப் போய் எண்ணை அழகாக்க முடியாது.

இன்னொன்று: உங்கள் தொழில் வளர்ந்தால் டன்-கிலோமீட்டருக்கான கிராம் குறைந்தாலும் மொத்த வெளியீடு கூடலாம். வாடிக்கையாளர் குறைக்கச் சொல்வது இரண்டில் எதை என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.